நெடுநேரப் பரிசோதனை

மார்ச் 6

அக்காவுக்கு,

உன் கையெழுத்து இன்று வந்தது. ஆனால் எனக்கில்லை, கிளினிக்குக்கு. காக்கி உறை, மூலையில் இன்சூரன்ஸ் வாரியத்தின் முத்திரை, நடுவில் நீ எழுதிய டாக்டரம்மாவின் முகவரி. பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் படிப்பை விட்ட நாளிலிருந்து நீ எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அதனால் அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இனி சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மா படித்துவிட்டு அதை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். வந்திருந்தவர்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் என்னிடம் கொடுத்தார். "நீயும் படிச்சுடும்மா. நாளைக்கு யாராவது சொல்லித் தெரியறதுக்கு இது மேல்."

உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா, இல்லை வெளியே மட்டும்தான் எழுதுவாயா? இந்தப் பகுதியில் இருக்கும் மற்ற டாக்டர்கள் வாரியத்துக்கு அனுப்பும் பில்களில் 'நெடுநேரப் பரிசோதனை' என்ற தலைப்பு அபூர்வமாம். எங்கள் கிளினிக்கில் கிட்டத்தட்ட எல்லாமே அதுவாம். அதனால் பொய் பில்லாம். இத்தனை வருடம் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கப் போகிறார்கள். விசாரணை பிறகு, பிடித்தம் இந்த மாதமே. பிடித்தால் நர்ஸக்காவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கிளினிக்கை மூடத்தான் வேண்டும்.

எங்களிடம் யார் வருகிறார்கள் என்று உனக்குமா தெரியாது? தகட்டு ஆலையில் வேலை செய்து காது போனவர்கள். அந்த இயந்திரங்களின் இரைச்சலில் பேச முடியாமல் அவர்களே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சை நீயும் நானும் அப்பாவிடம்தான் கற்றோம். அதில் எல்லாமே இயந்திரம். உடம்புக்கென்று ஒரு சைகைகூடக் கிடையாது. காய்ச்சல் என்றால் 'மோட்டார் சூடு'. தலை சுற்றினால் 'தகடு வழுக்குது'. போல்ட் மாமா ஒருநாள் நெஞ்சில் கைவைத்து 'பெல்ட் நழுவுது' என்றார். வேறொரு டாக்டர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார். டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, சும்மா ஓடும்போது நழுவுகிறதா, பாரம் ஏற்றினால் நழுவுகிறதா, மாடி ஏறும்போது எப்படி என்று ஒவ்வொன்றாக என் கை வழியாகக் கேட்டார். பாரம் ஏற்றினால்தான் என்று தெரிந்ததும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இல்லாவிட்டால் மாமா இன்று இல்லை.

அதற்கு நேரமாகாதா அக்கா? ஒருவராவது வந்து பார்த்தார்களா?

அப்பா நலம். நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன்.

தங்கை

*

மார்ச் 14

குட்டிக்கு,

வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தை தாண்டாதவள், எழுத உட்கார்ந்தால் என்னை இப்படி வெளுத்து வாங்குகிறாய். சரி, உடம்புக்கு நல்லது.

நான் உறை ஒட்டுகிறவள். உறை ஒட்டுகிறவளைத் திட்டினால் உள்ளே இருக்கும் எழுத்து மாறாது. இங்கே தினமும் டாக்டர்களின் பதில்கள் கூடை கூடையாக வருகின்றன. எல்லாரும் நல்லவர்கள். எல்லாருடைய நோயாளிகளும் தனி ரகம். இதில் யாரை நம்புவது?

அப்பாவின் முட்டியை மறந்துவிட்டாயா? இடது முட்டியில் ஆபரேஷன் செய்ததாகப் பொய் பில் போட்டு வாங்கினானே ஒருவன், கண்ணாடிக் கதவு கிளினிக்காரன்? பிறகு நிஜமாகவே முட்டி போனபோது வாரியம் என்ன சொன்னது? "ஏற்கெனவே செய்தாகிவிட்டது, மறுபடி கிடையாது." அப்பா ஆலைக்குப் போக முடியாமல் போனது அதனால்தான். நீ படிப்பை விட்டதில் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி, எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் உனக்கு வரும் நடுக்கம். அதைப் பற்றி நாம் ஒருமுறை பேசியதே போதும்.

அந்த மாதிரி ஆளைப் பிடிக்கத்தான் நான் இந்தக் கண்காணிப்புப் பிரிவில் வந்து சேர்ந்தேன். பிடிக்கிற நாற்காலி கிடைக்கவில்லை, பசை டப்பாதான் கிடைத்தது. ஆனாலும் கண்காணிப்பே வேண்டாம் என்று நீ என்னிடம் சொல்லாதே.

எங்கள் அதிகாரிக்கு இங்கே 'சராசரி சார்' என்று பெயர். மதியம் டப்பாவைத் திறந்தால்கூடப் பக்கத்து மேசைக்காரர் டப்பாவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். கெட்டவர் இல்லை. கட்டடத்தை விட்டு வெளியே போய்ப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான்.

அந்த நோட்டீஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. விசாரணைக்கு நோயாளிகளைச் சாட்சியாக அழைத்து வரலாம்.

போல்ட் மாமா இப்போது எப்படி இருக்கிறார்? இது ஆபீஸ் கேள்வி இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

போனார்கள், வந்தார்கள்.

எல்லாரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸில் உங்கள் ஆபீஸுக்குப் புறப்பட்டார்கள். போல்ட் மாமா தலைக்குச் சாயம்கூடப் பூசியிருந்தார். கிளினிக்கை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று நான் இங்கேயே இருந்துவிட்டேன்.

சாட்சிகளை டாக்டர் முன்னால் விசாரிக்கக் கூடாதாம். அதனால் டாக்டரம்மாவை மாடியில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். இவர்கள் கீழே வராந்தாவில், பெஞ்சில், வரிசையாக. மாலைவரை யாரும் கூப்பிடவில்லை. டாக்டரம்மா இறங்கி வந்து கேட்டால், 'சாட்சிகள் அழைக்கப்பட்டனர், எவரும் வரவில்லை' என்று பதிவாகியிருக்கிறது.

"இதோ உட்கார்ந்திருக்காங்களே!"

"நான் தொண்டை கிழியக் கத்தினேனேம்மா, ஒருத்தர்கூட அசையலையே?" என்றாராம் பியூன்.

போல்ட் மாமா ஊருக்கு வந்து கையால் சொன்னார்: ஒருத்தன் கதவோரம் வந்து வந்து கொட்டாவி விட்டுட்டுப் போனான், ராத்திரி தூக்கம் போதலை போலன்னு நினைச்சோம்.

நான் சிரித்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

பதிவானதை மாற்ற முடியாதாம். பிடித்தம் தொடர்கிறது. நர்ஸக்கா தையல் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். மே மாதத்தோடு மூடிவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. "நீ வேற இடம் பாத்துக்கோம்மா, உன் கைக்கு எங்கயும் வேலை கிடைக்கும்" என்றார். என் கைக்கு வேறெங்கே வேலை? அவர்கள் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும்தான் வேறு எங்கே டாக்டர்?

நான் கூடப் போயிருக்க வேண்டும். போயிருந்தாலும் நீ வாயைத் திறந்திருப்பாயா என்று நீ கேட்பாய். கேள்.

தங்கை

*

ஏப்ரல் 28

குட்டிக்கு,

கேட்க மாட்டேன்.

அந்தக் கொட்டாவியைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். மதிய டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தேன். அன்று நான் வேறு மாடியில் உறை ஒட்டிக்கொண்டிருந்தேன் குட்டி. அவர்கள் வந்ததே எனக்குத் தெரியாது. நேராக அதிகாரியிடம் போனேன்.

"சார், அவங்களுக்குக் காது கேட்காது."

"அப்புறம் எப்படிம்மா சாட்சி சொல்லுவாங்க?"

"கையால, சார்."

"கையை எப்படிப் பதிவு பண்றது? போ, போய் உறையை ஒட்டு."

வந்துவிட்டேன். ஆனால் உறையை ஒட்டவில்லை.

கேள். எங்கள் பிரிவைப் பற்றி எல்லாப் பக்கமிருந்தும் புகார். நேர்மையான டாக்டர்களை வதைக்கிறார்கள் என்று ஒரு பக்கம், திருடர்கள் தப்பிவிடுகிறார்கள் என்று நோயாளிகள் இன்னொரு பக்கம். அதனால் கண்காணிப்பையே கண்காணிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அரசாங்கம் நியமித்திருக்கிறது. அவர் ஊர் ஊராகப் போய் உட்காருகிறார். மே பதினாறாம் தேதி உங்கள் நகரசபை மண்டபத்தில். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம்.

நான் அவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளே என்ன நடக்கிறது, எப்படி நடந்தால் நன்றாக இருக்கும், எல்லாம். கீழே என் பெயர், என் கையெழுத்து. வேலை போனாலும் போகலாம். இப்போதைக்கு இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. டீ நேரத்தில் பெஞ்சு முழுவதும் எனக்கே, கால் நீட்டி உட்காருகிறேன்.

அன்று அவர்கள் கை சொல்வதை யாராவது வாயால் சொல்ல வேண்டும். அப்பா சொல்வார் என்று நினைக்காதே. அவருக்கே பாதிக் காது, கை ஒன்று சொன்னால் வாய் வேறொன்று சொல்லும். எனக்கு லீவு தர மறுத்துவிட்டார்கள்.

நீதான் இருக்கிறாய். உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஒருமுறை கட்டாயப்படுத்திப் பார்த்ததில்தான் நீயும் நானும் பேசாமல் போனோம்.

அக்கா

*

மே 17

அக்கா,

அக்கா, அக்கா! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: பேசினேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று. நீதிபதி ஒல்லியான மனிதர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்தபடி இருந்தார். ஒரு ஓரமாக உங்கள் சராசரி சார், முன்னால் மூன்று கட்டுக் காகிதம். எங்கள் ஆட்கள் முன்வரிசையில், நான் அவர்களுக்குப் பின்னால், முடிந்தவரை குனிந்து.

எங்கள் முறை வந்தது. அதே பியூன்தான் அக்கா. கதவருகே நின்று மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். போல்ட் மாமா என் பக்கம் திரும்பி, 'அதோ கொட்டாவி' என்று கை காட்டினார்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "அவங்க வந்திருக்காங்க" என்றேன்.

"யாரும்மா அது? சத்தமா சொல்லு."

"எல்லாரும் வந்திருக்காங்க ஐயா. காது கேட்காது. கூப்பிடாதீங்க, கையைக் காட்டுங்க."

நீதிபதி பியூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவரே தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டினார். வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. மண்டபமே சிரித்துவிட்டது.

"இப்ப எழுதிக்கோங்க," என்றார் நீதிபதி, "சாட்சிகள் வந்திருக்காங்க."

என்னை முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள். போல்ட் மாமாவின் கை அசையத் தொடங்கியதும் நான் அவரை மட்டும்தான் பார்த்தேன். "எனக்கு பெல்ட் நழுவுச்சு" என்று அவர் கை சொன்னது, என் வாயும் அதையே சொன்னது. சொன்னது நானில்லை, அவர். பயப்படவும் அவர்தானே பயப்பட வேண்டும்? அவரோ பயப்படுகிற ஆளே இல்லை. அப்படியே போனது அக்கா. எண்ணெய் அத்தையின் வயிற்றுவலி, ஷிப்ட் பெரியப்பாவின் மயக்கம், எல்லாவற்றையும் நான் 'எனக்கு, எனக்கு' என்று சொல்லிக்கொண்டே போனேன்.

நீதிபதி உங்கள் சாரிடம், "நீங்களும் ஒண்ணு கேளுங்க" என்றார். சார் எழுந்து, "டாக்டர் உங்களை எவ்வளவு நேரம் பார்த்தார்?" என்று போல்ட் மாமாவைக் கேட்டார். கேள்வி அவ்வளவுதான். நான் கையால் கேட்டேன். மாமா, எந்த ஷிப்டில் என்று திருப்பிக் கேட்டார். ஷிப்ட் இல்லை, கிளினிக்கில் என்றேன். எந்தத் தடவை என்றார். கடைசித் தடவை என்று சொல்லச் சொன்னார் சார். பக்கத்திலிருந்த எண்ணெய் அத்தை, கடைசித் தடவை வந்தது இவர் இல்லை, இவர் தம்பி என்று குறுக்கே புகுந்தார். அவர்களுக்குள் சண்டை. தீர்த்துவைத்துப் பதில் வாங்குவதற்குள் சாரே உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், இந்த ஒரு கேள்விக்கு நீங்க பில் போட்டா எந்தத் தலைப்புல போடுவீங்க?"

சாரும் கடிகாரத்தைப் பார்த்தார். "நெடுநேரம்தான் ஐயா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பாவம், நல்ல மனிதர்தான் போலிருக்கிறது.

ஆனால் நீதிபதி விடவில்லை. "எல்லாம் சரி. நாளைக்கு ஒரு திருட்டு டாக்டரும் என் நோயாளிங்க தனி ரகம்னு சொல்லுவானே, அவனை எப்படிப் பிடிக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டார். நீ எழுதிக் கேட்ட கேள்விதான் அது. அதையும் நான் கையால் எல்லாருக்கும் சொன்னேன்.

அப்போது பின்வரிசையில் அப்பா எழுந்தார். அவர் குரல்தான் உனக்குத் தெரியுமே, மைக் தேவைப்படவில்லை. "நான் பிடிச்சுத் தரேன்!" என்று கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடுவழியில் வந்தார். "இந்த முட்டியில ஆபரேஷன் பண்ணதா ஒருத்தன் பில் போட்டான். நீங்களும் குடுத்தீங்க. தழும்பு எங்க? தேடுங்க! யாராவது ஒருத்தர் வந்து என் முட்டியைப் பாத்திருந்தா அவன் அன்னைக்கே மாட்டியிருப்பான். இன்னொருத்தர் வந்து இந்தம்மா கிளினிக்கில உக்காந்திருந்தா இவங்களுக்கு இந்த நோட்டீஸே வந்திருக்காது. ரெண்டுக்கும் ஒரே மருந்துதான். வந்து பாருங்கய்யா!"

நீதிபதி அப்பாவின் முட்டியைக் குனிந்து பார்த்தார் அக்கா. நிஜமாகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என்னமோ நிறைய எழுதினார்.

நீயும் அப்பாவும் ஒரே கட்சிதான். நானும்தான். இத்தனை நாள் எதற்குச் சண்டை போட்டோம்?

வெளியே வந்ததும் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஆலையில் ஒரு தகடு முதல் அடியிலேயே சரியாக விழுந்தால் உள்ளங்கைமேல் உள்ளங்கையை இறக்குவார்களே, அதைச் செய்தார்கள். அத்தனை பேரும், எனக்காக. ஒரு சத்தம் இல்லை.

டாக்டரம்மா இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்துப் பார்க்கிறேன் என்கிறார். அப்பா நேற்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முட்டியைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் குட்டி

*

ஜூலை 30

குட்டி,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

நீதிபதியின் அறிக்கையை அரசாங்கம் முழுதாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி விசாரிக்காமல் ஒரு காசு பிடிக்கக் கூடாது. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் ஆள் நேரில் போக வேண்டும். அதே மாதிரி நோயாளிகளைப் பார்க்கும் வேறு ஊர் டாக்டர் ஒருவர், பொதுமக்களில் ஒருவர், ஆபீஸிலிருந்து ஒருவர் என்று மூன்று பேராகப் போய்க் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பேச்சே. பில்லில் சந்தேகம் என்றால் நோயாளியையும் பார்க்க வேண்டும். இந்த விதிக்கு இங்கே எல்லாரும் 'முட்டி விதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாவிடம் சொல்லாதே, தலைகால் புரியாது.

டாக்டரம்மாவின் கோப்பை மூடியாகிவிட்டது. அவர்மேல் குற்றமில்லை. பிடித்ததெல்லாம் திரும்ப வருகிறது. நர்ஸக்காவைத் தையல் கடையிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளச் சொல்.

இனி இதைக் கேள். புதுக் குழு முதல்முதலாகப் போனது கண்ணாடிக் கதவு கிளினிக்குக்கு. பில்படி காலையிலிருந்து மாலைவரை அங்கே நோயாளிகள் நிரம்பி வழிய வேண்டும். போய்ப் பார்த்தால் காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை, அந்தாளின் மச்சான் கடைக்குத் தரைக்கல் அடுக்கி வைத்திருந்தார்களாம்! குழுவோடு போன சராசரி சார் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று மூன்று நாள் பார்த்திருக்கிறார். கல் வாங்க ஒருவர் வந்தாராம். அந்த டாக்டர்மேல் வழக்குப் போட்டாகிவிட்டது. அப்பாவின் பதிவைத் திருத்தியாகிவிட்டது. அவர் முட்டிக்கு ஆபரேஷன் இனி உண்டு.

சார் திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். "உன் மனுவைப் படிச்சேன்மா. எனக்கு வெளியே போறது பிடிச்சிருக்கு. இடுப்புதான் வலிக்குது." பெஞ்சில் இப்போது எனக்கு இடமே கிடைப்பதில்லை.

என்னையும் குழுவில் போட்டிருக்கிறார்கள். பசை டப்பாவை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் உன் கிளினிக்குக்கு மட்டும் நான் ஒருநாளும் வர முடியாது. உறவுக்காரர் இருக்கும் இடத்துக்கு ஆய்வுக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி. அதை மனுவில் எழுதிக் கேட்டதே நான்தான். என் வழியை நானே அடைத்துக்கொண்டேன். அதனால் அதிகாரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அக்காவாக வருகிறேன்.

அக்கா

*

அக்டோபர் 3

அக்காவுக்கு,

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து அப்பாவுக்குப் பெரிய ஆள் ஆகிவிட்ட நினைப்பு. ஆபரேஷன் முடிந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு, தழும்பை யாருக்குக் காட்டலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கிளினிக்கில் கூட்டம் முன்பைவிட அதிகம். நர்ஸக்கா திரும்பி வந்த கையோடு திரைச்சீலையெல்லாம் தானே புதிதாகத் தைத்து மாட்டிவிட்டார்.

போன வாரம் எங்களுக்கும் குழு வந்தது. எல்லாருக்கும் போல எங்களுக்கும் முறைப்படியான ஆய்வுதான், பதறாதே. டாக்டரம்மா, "நல்லா பாருங்க, எனக்கும் அதுதான் வேணும்" என்று கதவைத் திறந்துவிட்டார். வந்த டாக்டர் துறைமுக நகரத்துக்காரர். முதல்நாள் காலை கையைக் கட்டிக்கொண்டு இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். மதியம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாலையில் எண்ணெய் அத்தை 'வால்வு அடைப்பு' என்று காட்டியதும், நான் வாயைத் திறப்பதற்குள், "மலச்சிக்கலா?" என்று கேட்டுவிட்டார். அத்தைக்கு வந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே!

கிளம்பும்போது என்னிடம் வந்தார். கப்பல் பட்டறையில் வேலை செய்து காது போனவர்கள் அவர் ஊரில் நிறையப் பேராம். அவர்களுக்கும் சொந்தமாக ஒரு கைப்பேச்சு இருக்கிறதாம். அவருக்கு ஒன்றும் புரியாமல், அவசர அவசரமாகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். "என் பில்லெல்லாம் சராசரியோட அச்சு அசலா ஒத்துப்போகும்மா. இங்க உக்காந்த பிறகுதான் பயமா இருக்கு. எத்தனை பேரோட பெல்ட்டை விட்டுட்டேனோ. அங்க வந்து எங்க கிளினிக் ஆளுங்களுக்கு இதைக் கத்துத்தர யாராவது கிடைப்பாங்களா?"

அறையில் எல்லாரும் இருந்தார்கள். யார் கையும் அசையவில்லை. சொல்வதற்கு என் வார்த்தையைத் தவிர வேறு வார்த்தை இல்லை.

"நான் வரேன் சார்" என்றேன். கேட்டுவிட்டது அவருக்கு. முதல் தடவையே கேட்டுவிட்டது.

நேற்று வாரியத்திலிருந்து கடிதம். உனக்கு முன்பே தெரிந்திருக்கும், தெரிந்தும் சொல்லாமல் இருந்திருப்பாய், விதி அப்படி. பில்களில் புதிதாக ஒரு தலைப்பு சேர்த்திருக்கிறார்கள்: 'கைப்பேச்சு உதவி'. டாக்டர் பில்லில் ஒளிந்துகொண்டு இல்லாமல், என் வேலைக்கு என் பெயரிலேயே போடலாம். திங்கட்கிழமை துறைமுகத்துக்குப் போகிறேன். நர்ஸக்காவுக்குக் கைப்பேச்சைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், நான் திரும்பும்வரை இங்கே அவர் பார்த்துக்கொள்வார். முதல் பில் அங்கிருந்துதான் வரும். அந்த ஊர்க் கைப்பேச்சை நான் கற்றுக்கொள்ள வேண்டும், டாக்டரின் கிளினிக் ஆட்களுக்கு நான் கற்றுத்தர வேண்டும். எல்லாமே நெடுநேரம் பிடிக்கிற வேலை.

கடிதத்தின் பின்பக்கத்தையும் படித்தேன், பொடி எழுத்து. பில் போடுகிறவர் என்ற முறையில் இனி நானும் கண்காணிப்புக்கு உட்பட்டவளாம். சந்தேகம் வந்தால் குழு நேரில் வருமாம்.

வரட்டும் அக்கா. நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும், நானே பதில் சொல்கிறேன்.

தங்கை